மூன்று மூன்றாக இல்லாத ஒன்று

போன மாதம் ஒரு பாலிடெக்னிக்கிலிருந்து இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எங்கள் துணைமின் நிலையத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். மொத்தம் 40 பேர். எங்களிடம் ஹெல்மெட் 15தான் இருந்தது. அதனால் மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவாக யார்டுக்குள் அழைத்துப் போனேன். எனக்கு இது புதிதில்லை. வருடத்துக்கு நான்கைந்து கல்லூரிகளாவது வரும். கேட் அருகே நிறுத்தி, கையை உயர்த்தக் கூடாது, குடை விரிக்கக் கூடாது, செல்ஃபி ஸ்டிக்கை வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, லைன் உள்ளே வரும் இடத்திலிருந்து ஆரம்பிப்பேன். இடியைத் தரைக்கு இறக்கும் எல்.ஏ., லைனைப் பிரித்து வைக்கும் ஐசோலேட்டர், கரன்ட்டை அளக்க உதவும் சி.டி., பழுது வந்தால் கரன்ட்டை வெட்டும் பிரேக்கர், மறுபடி ஒரு ஐசோலேட்டர், எல்லா லைனும் வந்து சேரும் பஸ், பஸ்ஸில் வோல்டேஜை அளக்க உதவும் பி.டி., அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர். வாய் தன்னால் சொல்லும், கால் தன்னால் நடக்கும்.

மூன்றாவது குழுவில் ஒரு பெண். மற்றவர்கள் நான் சொன்ன பெயர்களை எழுதிக்கொண்டிருக்க, அவள் நோட்டில் படம் போட்டுக்கொண்டு வந்தாள். கோடு, கட்டம், வட்டம், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு பொருளும் எத்தனை நிற்கிறது என்று பக்கத்திலேயே எண் போட்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 3, 3, 3. இரண்டாவது ஃபீடர் லைனுக்கான பகுதியைத் தாண்டும்போது நின்றுவிட்டாள். சுற்றுச்சுவருக்குப் பக்கத்தில், இரும்புக் கால்களின் மேல், ஆள் உயரத்துக்கு ஒரு பழுப்பு நிறப் பீங்கான் தூண். “மேடம், இங்க எல்லாமே மூணு மூணா இருக்கு. அது மட்டும் ஏன் ஒண்ணு?”

“அது பழசும்மா. இப்ப யூஸ்ல இல்ல,” என்றேன். சொல்லிவிட்டு நடந்தேன். அவளும் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு பின்னால் வந்தாள்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது அவள் கேட்டதற்குப் பதிலும் இல்லை. அது என்னவென்று எனக்குத் தெரியாது. இந்த நிலையத்துக்கு மாற்றலாகி வந்து 6 வருடம் ஆகிறது. வந்த முதல் வாரம் ஒரு ஆபரேட்டரிடம் கேட்டிருக்கிறேன், “அது பழைய எல்.ஏ. மேடம், கழட்டாம விட்டுட்டாங்க” என்றார். அத்தோடு விட்டுவிட்டேன். அதன் பிறகு ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைத் தாண்டி நடந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அன்று ராத்திரி வீட்டில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கேள்வி போகவில்லை. பழைய எல்.ஏ. என்றால் மூன்று ஃபேஸுக்கும் மூன்று இருந்திருக்க வேண்டும். கழற்றுகிறவர்கள் இரண்டைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் ஏன் விட்டுவைப்பார்கள்? மற்ற இரண்டின் இரும்புக் கால்கள் எங்கே? அவற்றுக்குப் போட்ட கான்கிரீட் அடித்தளம் எங்கே? 6 வருடமாக நான் கேட்டிருக்க வேண்டியதை, அவள் 20 நிமிடத்தில் கேட்டுவிட்டாள்.

வழியில் நிற்பதும் தொட்டு நிற்பதும்

கண்ட்ரோல் ரூமுக்குள் எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. 52 என்றால் பிரேக்கர். பழுதை உணர்ந்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலேக்களில் 51 ஓவர் கரன்ட், 87 டிஃபரன்ஷியல், 63 என்றால் டிரான்ஸ்ஃபார்மர் மேலே உட்கார்ந்திருக்கும் புக்ஹோல்ஸ் ரிலே. நடுராத்திரி போன் வந்து “மேடம், 86 விழுந்திருக்கு” என்றால் போதும், தூக்கம் போய்விடும். டிரான்ஸ்ஃபார்மர் தன்னைப் பூட்டிக்கொண்டுவிட்டது, காரணம் தெரியாமல் திறக்கக் கூடாது என்று அர்த்தம். அமெரிக்கக்காரர்கள் வகுத்த எண்கள் அவை. நம் ஊர் ஆபரேட்டர்கள் வாயில் வீட்டு எண் மாதிரி புழங்குகின்றன. பேனலில் ஒவ்வொரு கைப்பிடிக்கும் கீழே பெயர்ப்பலகை உண்டு. வெளியே யார்டில் அப்படி இல்லை. அங்கே எல்லாம் பழுப்பு, அல்லது சாம்பல். எல்லாம் மடிப்பு மடிப்பான பீங்கான். பிரேக்கரிலும் ஐசோலேட்டரிலும் எண் எழுதியிருப்போம், ஏனென்றால் அவற்றைத்தான் இயக்குகிறோம். மற்றவை சும்மா நிற்கின்றன என்ற நினைப்பில் அவற்றுக்குப் பெயர் எழுதுவதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு எல்.ஏ.வும், பி.டி. மாதிரியே வோல்டேஜை அளக்க உதவும் சி.வி.டி.யும் ஒன்றாகத்தான் தெரியும். அதில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் வழி ஒன்று உண்டு. உருவத்தைப் பார்க்காதே, கம்பியைப் பார். தலையில் எத்தனை கம்பி சேர்கிறது? ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகிறதா, அல்லது ஜம்பர் என்கிற இணைப்புக் கம்பி ஒன்றே ஒன்று இறங்கித் தொட்டு நிற்கிறதா? கரன்ட் தன் வழியாகப் போக வேண்டும் என்று நடுவில் நிற்பவை ஒரு சாதி: பிரேக்கர், ஐசோலேட்டர், சி.டி. ஓடும் லைனைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்பவை இன்னொரு சாதி: எல்.ஏ., பி.டி., சி.வி.டி. சி.டி.யின் தலை உருண்டையாகப் பெருத்திருக்கும், இரு பக்கமும் முனை இருக்கும். சி.வி.டி.க்குத் தலை சிறுத்து, அடியில் ஒரு எண்ணெய்த் தொட்டி இருக்கும். எல்.ஏ.வுக்குத் தலையும் இல்லை, தொட்டியும் இல்லை. காலடியில் கடிகாரம் மாதிரி ஒரு கவுண்டர் மட்டும். வோல்டேஜைத் தெரிந்துகொள்ள, கம்பியைத் தாங்கிச் சரமாகக் கோத்திருக்கும் இன்சுலேட்டர் வட்டுகளை எண்ணச் சொல்வேன். எங்கள் யார்டில் 33 கே.வி. (33 ஆயிரம் வோல்ட்) சரத்தில் 3 வட்டு, 110இல் 9.

இந்த வழியைச் சொல்லித் தந்த நானே, மூன்று என்ற கணக்கை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அது அவ்வளவு கண்ணெதிரே இருப்பதால் விட்டுப்போயிருக்கிறது. நம் லைன்கள் மூன்று ஃபேஸ். ஆகவே யார்டில் எது நின்றாலும் மூன்றாகத்தான் நிற்கும். ஒன்றாக நிற்பது எதுவானாலும் அதற்கு ஒரு தனிக் காரணம் இருந்தே தீர வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலில் ஒரு சி.டி. தனியாக நிற்கும், நியூட்ரல் ஒன்றுதானே. சில லைன்களில் சிங்க்ரனைஸ் செய்வதற்காக ஒரே ஃபேஸில் ஒரு சி.வி.டி. வைத்திருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் புகளூரில், உயர் அழுத்த நேர்மின்சாரம் (டி.சி.) வந்து சேரும் எச்.வி.டி.சி. நிலையத்தைப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து சுமார் 1,765 கிலோமீட்டர் தள்ளி வந்து சேரும் ±800 கே.வி. டி.சி. லைன் அது, 6,000 மெகாவாட் கொள்ளளவு. அதற்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு தடுமாற்றம். பெரிய பெரிய காற்றுச் சுருள்கள், சுவரைத் துளைத்துக்கொண்டு நிற்கும் புஷிங்குகள், எதுவும் பிடிபடவில்லை. உருவங்கள் பெரிதாக இருந்ததால்தான் அப்படி என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அங்கே டி.சி. பக்கத்தில் எல்லாம் இரண்டு இரண்டாக நின்றன. பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று. கண் மூன்றைத் தேடியிருக்கிறது; கிடைக்காமல் தவித்திருக்கிறது.

மறுநாள் ஷிஃப்டில் உட்கார்ந்து நிலையத்தின் பொருள்களையெல்லாம் ஒற்றைக் கோட்டில் காட்டும் சிங்கிள் லைன் படத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தூண் அதில் இல்லை. கடைசியாக டிரான்ஸ்ஃபார்மர் மாற்றியபோது புதிதாக வரைந்த படம் அது. ஓடாத பொருளை வரைய யாருக்கும் தோன்றியிருக்காது. பழைய படம் பீரோவில் தேடியும் கிடைக்கவில்லை. சரி, பொருளிடமே கேட்போம் என்று யார்டுக்குப் போனேன்.

அடியில் என்ன இருக்கிறது

இதைச் சொல்வதற்கு முன்னால், நான் பயிற்சியில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறொரு மாவட்டத்தில், ஒரு 230 கே.வி. நிலையம். சேர்ந்து மூன்று வாரம். எல்.ஏ.வின் காலடியில் கண்ணாடி போட்ட ஒரு சிறு பெட்டி இருந்தது. உள்ளே ஒரு முள், பக்கத்தில் எண்கள். இடி இறங்கும்போதெல்லாம் அந்த எண் ஒன்று கூடும், முள் கசிவு கரன்ட்டைக் காட்டும் என்றெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கண்ணாடி முழுக்கப் புழுதி. கர்ச்சீப்பை எடுத்துத் துடைக்கப் போனேன். இன்னொரு கையால் பிடிமானத்துக்காக, மேலிருந்து அந்தப் பெட்டிக்கு இறங்கும் செம்புப் பட்டையைப் பிடிக்கப் போனேன்.

“யம்மா, கைய எடுங்க!”

ஃபோர்மேன் அண்ணன் சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை. பக்கத்தில் வந்தார். என்னைப் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை. முதலில் குனிந்து பெட்டிக்கு அடியிலிருந்து தரைக்குப் போகும் பட்டையைப் பார்த்தார். அதன் போல்ட் அருகே துரு ஏறிப் பாதி தின்றிருந்தது. “அடி எர்த்தோட இருக்குன்னு நெனச்சுதானே பிடிக்கப் போனீங்க? இந்த எல்.ஏ. தரையில நிக்கல. அடியில நாலு குட்டி இன்சுலேட்டர் மேல நிக்குது, பாருங்க. அது தரையைத் தொடுறது இந்த ஒரே பட்டை வழியாத்தான். இது அறுந்துச்சுன்னா மேல இருக்குற வோல்டேஜ் அப்படியே கீழ வந்து நிக்கும். எர்த் இருக்குன்னு நெனைக்கிறது வேற. பாத்துட்டுச் சொல்றது வேற.”

அன்று அந்தப் பட்டை அறுந்திருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன்பின் எந்தப் பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் அடியைத்தான் பார்ப்பேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தூணின் மேல் முனையில் ஜம்பர் இல்லை. கிளாம்ப் மட்டும் இருந்தது, வாயைத் திறந்துகொண்டு. மேலே சென்ற கம்பியை எப்போதோ வெட்டியிருக்கிறார்கள். மேலே போக வழியில்லை என்றால் கீழேதான். எல்.ஏ.வாக இருந்தால் காலடியில் கவுண்டரோ, கவுண்டர் மாட்டிய தடமோ இருக்கும்; இல்லை. சி.வி.டி.யாக இருந்தால் எண்ணெய்த் தொட்டி இருக்கும், இல்லை. வெறும் தாங்கு இன்சுலேட்டர் என்றால் இத்தனை பருமன் தேவையில்லை, பெயர்ப்பலகையும் தேவையில்லை. பெயர்ப்பலகை இருந்தது. பீங்கானின் அடி விளிம்பில், தரையிலிருந்து எட்டடிக்கு மேல். அதன்மேல் யாரோ அலுமினியப் பெயின்ட்டைப் பூசி வைத்திருந்தார்கள். கால்களுக்கு அடித்த பெயின்ட்டை அப்படியே மேலே இழுத்திருக்கிறார்கள். பலகை மொத்தமும் வெள்ளி. மேலே ஃபீடர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏணி போட்டு ஏறிச் சுரண்டும் வேலை எல்லாம் கிடையாது. போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மறுபடி போனேன். வெயில் மேற்கிலிருந்து சாய்வாக விழுந்தது. பெயின்ட்டுக்கு அடியில் எழுத்துகள் புடைப்பாக இருந்ததால், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பக்கம் நிழல் விழுந்தது. தயாரித்த வருடம் பாதி தெரிந்தது. அதற்குக் கீழே 4400. அதையடுத்து சின்னதாக ஒரு ‘பி’, பெரிதாக ஒரு ‘எஃப்’. 4400 பிகோ ஃபேரட். அது ஒரு கெப்பாசிட்டர், மின்தேக்கி.

அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டுக்கு அது 7 லட்சம் ஓமுக்கு மேல் தடை காட்டும். அதாவது கிட்டத்தட்ட மூடிய கதவு. ஆனால் அலைவெண் ஏற ஏற அந்தக் கதவு திறந்துகொண்டே போகும். 1 லட்சம் ஹெர்ட்ஸில் 360 ஓம்தான். யாரோ எதையோ அந்த லைனுக்குள் அனுப்ப வைத்த வாசல் இது. தூணின் இரும்புக் காலில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி தொங்கியது. அதில் ஒரு லீவர். லீவர் ‘எர்த்’ என்று எழுதிய பக்கம் மூடியிருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. பெட்டியின் அடியிலிருந்து ஒரு கறுப்பு கேபிள் இறங்கி டிரெஞ்சுக்குள் போனது. ஹெல்பர் தம்பியை அழைத்து டிரெஞ்ச் சிலாப்களை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொல்லி அந்தக் கேபிளின் பின்னாலேயே போனோம். பாதி தூரம் மண்ணும் சருகும். பல்லி முட்டைகள் கிடந்தன. ஓரிடத்தில் பாம்புச் சட்டை ஒன்று, முழு நீளம். கேபிள் கண்ட்ரோல் ரூம் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், பேட்டரி ரூமுக்கு அடுத்த சிறிய அறைக்குள் முடிந்தது. நாங்கள் பழைய லாக் புக்குகளையும் துடைப்பங்களையும் போட்டு வைக்கும் அறை. கதவை உள்பக்கம் சாய்த்துப் பார்த்தால், மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் நீல எழுத்தில் ‘கேரியர்’ என்று எழுதியிருந்தது. 6 வருடமாகத் துடைப்பம் எடுக்கப் போய்வரும் அறை.

கம்பியில் போன குரல்

எங்கள் நிலையத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே சிரித்துவிட்டார். “அதுவா மேடம்? அது கப்ளிங் கெப்பாசிட்டர். ஆர், ஒய், பி மூணு ஃபேஸ்ல ஒய் ஃபேஸ்ல இருந்துச்சு. அது வழியாத்தான் பேசுவோம்.”

பவர் லைன் கேரியர் பற்றிக் கல்லூரியில் ஒரு பக்கம் படித்திருக்கிறேன். ஐந்து மார்க் கேள்வி. 1920களிலேயே உலகம் முழுக்க மின்சாரக்காரர்கள் கைக்கொண்ட உத்தி அது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஏற்கெனவே ஒரு தடிமனான கம்பி ஓடுகிறது. தனியாக எதற்குத் தொலைபேசிக் கம்பி? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் மேலேயே, சில பத்தாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் ஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்ணில் குரலையும் ரிலேக்களின் கட்டளைகளையும் ஏற்றி அனுப்பினால் போதும். கெப்பாசிட்டர் அந்தக் குரலை மட்டும் கம்பிக்குள் விடும், 110 கே.வி.யைக் கீழே விடாது. குரல் எங்கள் பஸ் பக்கம் ஓடிச் சிதறாமல் இருக்க, லைனின் வழியில் ஒரு சுருளைத் தொங்கவிடுவார்கள். வேவ் டிராப். 0.5 மில்லி ஹென்றி என்று வைத்துக்கொண்டால் அது 50 ஹெர்ட்ஸுக்குக் காட்டும் தடை வெறும் 0.16 ஓம், லைனில் ஓடும் மின்சாரம் அதைக் கவனிக்கக்கூடச் செய்யாது. 1 லட்சம் ஹெர்ட்ஸ் குரலுக்கோ 314 ஓம், அத்தோடு சுருளில் உள்ள டியூனிங் கெப்பாசிட்டர்களும் சேர்ந்து மறிக்கும். பேச ஒரு கம்பி போதும். ஆகவே ஒரு கெப்பாசிட்டர், ஒரு சுருள். அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்.

ஆபரேட்டர் அண்ணன் நிறுத்தாமல் பேசினார். “ரிசீவரை எடுத்து ரெண்டு நம்பர் சுத்துனா எதிர்முனை சப்ஸ்டேஷன் எடுக்கும். குரல் தகர டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். மழைக்காலத்துல கரகரன்னு இரைச்சல் வரும். கம்பியச் சுத்திக் காத்துல மின்சாரம் கசியுற கரோனா அதிகமாச்சுன்னு காதுலயே தெரிஞ்சுக்குவோம். ஊர் போன் எல்லாம் செத்துக் கிடக்கும், இது பேசும். லைனை ஆஃப் பண்ணி எர்த் போட்டிருந்தாக்கூட பேசும் மேடம். எர்த் போடுறது டிராப்புக்கு இந்தப் பக்கம்தானே. கேரியருக்குன்னு தனியா 48 வோல்ட் பேட்டரி. ஒரு ஐப்பசி ராத்திரி, முழு இருட்டு, எதிர்முனையில பரமசிவண்ணன் ஷிஃப்ட்டு. லைன் எப்ப வரும்னு தெரியாது. விடிய விடிய ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தோம். அந்தக் கம்பியில மின்சாரம் இல்ல, நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம்.”

அப்புறம் லைனின் உச்சியில் போகும் எர்த் கம்பிக்குள்ளேயே கண்ணாடி இழை வைத்த ஓ.பி.ஜி.டபிள்யூ. வந்தது. ரிலேக்களும் பேச்சும் அதற்கு மாறின. சுருளைக் கழற்றி ஸ்டோருக்குப் பின்னால் உருட்டிவிட்டார்கள். நாங்கள் அதை ‘பழைய ரியாக்டர்’ என்று சொல்லிவந்தோம், அதுவும் தவறு. அன்று மாலை போய்ப் பார்த்தேன். அலுமினியப் பட்டை சுற்றிய பெரிய உருளை, வேப்பங்கன்று ஒன்று நடுவில் முளைத்து மேலே வந்திருந்தது. இருபுறமும் மூடியிருந்த பறவை வலை கிழிந்து, உள்ளே மைனாக்கூடு. அதன் பெயர்ப்பலகையில் யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. 0.5 என்று தெளிவாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால், அந்தப் பொருள் மறைந்துபோகவில்லை. அதைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுப் போனார்கள். பெயர் அவர்களோடு போய்விட்டது. பெயர் போனதும் அது ‘பழசு’ ஆகிவிட்டது. யார்டில் ஒரு பொருளுக்குப் பெயர் தெரியாவிட்டால் நாம் அதைச் செத்த பொருள் என்று எடுத்துக்கொள்கிறோம். தெரியாததை உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொள்வதுதான் எங்கள் தொழிலின் முதல் விதி. அந்த விதியை நான் நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

போட்டோவில் இல்லாத கம்பி

அந்தப் பாலிடெக்னிக் ஆசிரியரின் எண் என்னிடம் இருந்தது. எல்லாவற்றையும் விளக்கமாக எழுதினேன். தூண், பெட்டி, லீவர், கேபிள், சுருள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, “அன்று தெரியாமல் பழசு என்று சொல்லிவிட்டேன், அந்த மாணவியிடம் இதைக் காட்டுங்கள்” என்று அனுப்பினேன். லீவர் எர்த்தில் மூடியிருப்பதை வட்டம் போட்டுக் காட்டியிருந்தேன். கெப்பாசிட்டரின் அடி முனையைத் தரையோடு சேர்த்து வைக்கவே அந்த லீவர். லைனோடு சேர்ந்திருந்த காலத்தில், அந்த அடி முனை தரையை விட்டுப் பிரிந்தால் 63,500 வோல்ட் கீழே இறங்கி நிற்கும், ஓடும் கரன்ட் 88 மில்லி ஆம்பியர், ஒரு ஆளைக் கொல்ல அது போதும் என்றும் எழுதியிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆசிரியர் போன் செய்தார். அவள் பக்கத்தில் இருந்தாள். நன்றி சொன்னாள். பேச்சு வேகமாக வந்தது, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததுபோல. “மேடம், ஒரு டவுட். லீவர் எர்த்துல இருக்கு, சரி. லீவர்ல இருந்து தூணோட அடிக்கு ஒரு கம்பி போகணும்ல? போட்டோல அந்தக் கம்பியக் காணோமே?”

நான் போனைக் காதிலிருந்து எடுத்து, நானே எடுத்து அனுப்பிய போட்டோவைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியின் தலையில் ஒரு சின்னப் பீங்கான் புஷிங். அதன் நுனியில் ஒன்றும் இல்லை. தூணின் அடியில் ஒரு போல்ட். அதிலும் ஒன்றும் இல்லை. நடுவே ஒரு முழ நீளம் வெறும் காற்று. செம்புக் கம்பி, கழற்றினார்களோ, திருட்டுப் போனதோ, யாருக்கும் தெரியாது. மேலே தொடர்பில்லை, கீழேயும் தொடர்பில்லை. லீவர் எதையும் எர்த் செய்துகொண்டிருக்கவில்லை. கழற்றி வைக்கும் கெப்பாசிட்டருக்கு இரு முனையையும் சேர்த்து ஒரு கம்பி கட்டி வைக்க வேண்டும்; அதுவும் கட்டவில்லை. நான் 200 அடி கேபிளை டிரெஞ்சுக்குள் பின்தொடர்ந்து போனேன். இந்த ஒரு முழத்தைப் பார்க்கவில்லை. ஃபோர்மேன் அண்ணன் குனிந்து பார்த்தது இதைத்தான்.

“இல்லம்மா. நீ சொல்றது சரி. கம்பி இல்ல,” என்றேன்.

அன்றே அந்த இரும்புக் காலைச் சுற்றிக் கயிறு கட்டி, சிவப்புப் பலகை மாட்டினோம். அடுத்த மாதாந்திரப் பராமரிப்பு நாளில் அந்த ஃபீடரை நிறுத்தி வேலை செய்யும் அனுமதியான எல்.சி. வாங்கினேன். பிரேக்கர் ஆஃப், இரண்டு பக்கமும் ஐசோலேட்டர் திறப்பு, எதிர்முனையிலும் கிளியர், லைன் எர்த் மூடியது. பக்கத்து ஃபீடரும் பஸ்ஸும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வயர்மேன் தம்பி எர்த் ராடின் கிளாம்பை முதலில் தரைப் பட்டையில் முடுக்கினார். நான் கீழே குனிந்து அந்தக் கிளாம்பைப் பார்த்தேன், பட்டை தரைக்குள் போகும் இடத்தையும் பார்த்தேன். அப்புறம் தலையசைத்தேன். அவர் ராடை உயர்த்தி, திறந்த வாயோடு இருந்த மேல் கிளாம்புக்குக் கொண்டுபோனார்.

தொடுவதற்கு ஒரு விரல் தூரம் இருக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நீலமாக ஒரு பொறி, கண் சிமிட்டும் நேரம். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜல்லியில் நின்றிருந்தேன். மறுமுறை அவர் ராடை அடி முனையில் வைத்தபோது சத்தம் இல்லை. இரண்டு முனையையும் சேர்த்துச் செம்புக் கம்பி கட்டி, அதைத் தரைப் பட்டையில் போல்ட் போட்டு முடுக்கினோம். பெயின்ட்டர் அண்ணன் காலில் மஞ்சள் அடித்து, கறுப்பில் எழுதினார்: ‘கப்ளிங் கெப்பாசிட்டர், ஒய் ஃபேஸ், லைனில் இல்லை, இரு முனையும் எர்த் செய்யப்பட்டது’. தேதி போட்டார். நான் அதைப் போட்டோ எடுத்து ஆசிரியருக்கு அனுப்பினேன், இந்த முறை கம்பி தெரிகிற மாதிரி.